டப்பிங் அண்ணையின் ஸ்பானியக் காதல்

தனியொரு ஆளாக நின்று எட்டுப் பேரின் சண்டையைப் போடக்கூடிய மனிதர் உலகத்தில் ஒருவர்தான். அவர் சுவிஸின் எம்மன்புரூக்கே நகரில், எனக்கு மேல்மாடியில் குடியிருந்தார். அவருடைய சொந்தப் பெயரை வீட்டுச் சொந்தக்காரரே மறந்திருப்பார். எங்களுக்கு அவர் டப்பிங் அண்ணை.

ஃபாப்ரிக்கில், அதுதான் தொழிற்சாலையில், கூட வேலை செய்த ஸ்பெயின்காரர் ஒருவர் பென்ஷன் எடுத்து ஊருக்குப் போகும்போது, ஒரு பழைய கறுப்பு வெள்ளைக் காதல் நகைச்சுவைப் படத்தின் டிவிடியை அண்ணையின் கையில் கொடுத்துவிட்டுப் போனார். வந்தது வினை. ஞாயிறு மத்தியானங்களில் எங்களையெல்லாம் வீட்டில் இருத்தி, மட்டன் ரோல்ஸ் தந்து, டிவிக்குப் பக்கத்தில் நின்று அத்தனை பாத்திரங்களுக்கும் யாழ்ப்பாணத் தமிழில் குரல் கொடுக்கத் தொடங்கினார்.

அந்தப் படத்தின் இயக்குநர் லேசுப்பட்டவர் அல்ல. காட்சியை வெட்டவே மாட்டார். ஊரையே ஒரு சட்டகத்துக்குள் அடைத்து, கமெராவை ஓடவிட்டு, எல்லோரையும் ஒரே நேரத்தில் பேச விடுவார். ஒருவர் சொல்வதை மற்றவர் கேட்பதே இல்லை. பேக்கரிக்காரியிடம் காதலைச் சொல்ல வாய் திறக்கும் தபால்காரனை மேயரும் பாதிரியாரும் பாண்டு வாத்தியக்காரரும் இடித்துத் தள்ளிக்கொண்டு போவார்கள். அண்ணைக்கு மூச்சு வாங்கும், கழுத்து நரம்பு புடைக்கும். "பொறுங்கோடா, பாதிரியார் இன்னும் கதைச்சு முடியேல்லை!" என்பார்.

அவருடைய சொந்தக் காதலும் அதே நிலைமைதான். லூட்சேர்ன் ஹோட்டல் ஒன்றில் வேலை செய்த மலர் அக்கா ஒவ்வொரு ஞாயிறும் தவறாமல் வருவார். அண்ணையை 'அண்ணை' என்று கூப்பிடாத ஒரே ஆள் அவர்தான். "அவ 'நீங்கள்' எண்டுதானே கதைக்கிறா, கவனிச்சனியோ?" என்று அண்ணை என்னை மாடிப்படியில் மறித்து வைத்துக் கேட்பார். நாற்பதைத் தாண்டிய மனிதரின் முழு நம்பிக்கையும் அந்த ஒரு சொல்லில்தான் இருந்தது. ஆனால் மலர் அக்காவிடம் வாயைத் திறந்தால் போதும், யாராவது "அண்ணை, சோஸ் இருக்கோ?" என்பார்கள்.

ஒரு ஞாயிறு, படத்தின் கடைசிக் காட்சி. தபால்காரன் தலையைச் சொறிந்துகொண்டு நிற்க, பேக்கரிக்காரி ஏதோ சொல்கிறாள். அண்ணை மலர் அக்காவைப் பார்த்தார். கூச்சத்தில் தடுமாறி, "நேரம் போச்சு, கடை பூட்டவேணும்" என்று குரல் கொடுத்தார்.

"அவ அப்பிடிச் சொல்லேல்லை," என்றார் மலர் அக்கா. "ஹோட்டலில ஸ்பெயின்காரரோடதான் எனக்கு வேலை. எனக்கு ஸ்பானிஷ் விளங்கும். உங்களுக்கு ஒரு சொல்லும் தெரியாது."

நாங்கள் ரோல்ஸை மெல்லுவதை நிறுத்தினோம். அண்ணையின் முகம் வெளிறிப்போனது.

"இது தெரிஞ்சுகொண்டோ ஒவ்வொரு கிழமையும் வந்தனீங்கள்?"

"ஓம். நான் படம் பாக்கவோ வந்தனான்?"

"அப்ப... அவ என்ன சொல்லுறா?"

"நீங்கள் கேட்டாத்தானே நான் பதில் சொல்ல ஏலும் எண்டுறா."

"அண்ணை, சோஸ்..." என்று யாரோ இழுத்தார்கள். "வாயைப் பொத்தடா!" என்று கத்திவிட்டு, எங்கள் எல்லோர் முன்னாலும் அண்ணை தன் சொந்தக் குரலில் கேட்டார். மலர் அக்கா "ஓம்" என்றார். நான் விசிலடித்தேன், கண்ணும் கலங்கிவிட்டது.

போன வருடம் அதே படத்தை, திரையின் அடியில் ஜெர்மன் மொழிபெயர்ப்பு ஓடும் பிரதியாகத் தேடிப் பிடித்துப் பார்த்தேன். கடைசிக் காட்சியில் பேக்கரிக்காரி உண்மையில் சொல்வது, "மா முடிந்துவிட்டது, நாளைக்கு வா." மலர் அக்கா சொன்னதற்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இதை நான் அண்ணையிடம் சொல்லப்போவதில்லை. அந்த மனிதர் நன்றாக இருக்க வேண்டும்.