இன்னும் ரெண்டாளு

நிரம்பிய வண்டி என்று ஒன்று இந்த உலகத்திலேயே கிடையாது என்று உறுதியாக நம்பிய ஒரு மனிதரோடு நான் ஏழு மாதம் வேலை பார்த்திருக்கிறேன். ஒரு ரயிலை அவர் கையில் ஒப்படைத்திருந்தால் இந்நேரம் கம்பம் பள்ளத்தாக்கு மொத்தமும் ஒரே பெட்டியில் ஏறி மதுரை போய்ச் சேர்ந்திருக்கும். அப்போதும் அவர் பிளாட்பாரத்தில் நின்று ஆள் தேடிக்கொண்டிருப்பார்.

அவர் பெயர் ரெண்டாளு. கம்பம் ஜீப் ஸ்டாண்டில் இருபது வருடத்துக்கு மேலாக நின்று, கேரளத்து ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போகிறவர்களை ஏற்றிவிட்டவர். ஜீப்புக்குள் ஏழு பேர் இருந்தாலும் பதினேழு பேர் இருந்தாலும் அவர் வாயிலிருந்து வருவது ஒரே கூவல்தான்.

"இன்னும் ரெண்டாளு! இன்னும் ரெண்டாளு! ஏறுனா கெளம்பிருவோம்!"

ஜீப் கிளம்பி, மலையடிவாரத்துச் செக்போஸ்ட்டைத் தாண்டிய பிறகும் அதே ஜீப்புக்கு ஸ்டாண்டில் ஆள் தேடுவார் என்று டிரைவர்கள் தலையில் அடித்துச் சத்தியம் செய்வார்கள்.

பிறகு டிரைவர்கள் ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கினார்கள். 'நாளைக்கு வர்றவுக கட்டைவெரலப் போடுங்க' என்று சாயங்காலமே செய்தி போகும். கட்டைவிரல்கள் வரிசையாக வந்து விழும். ரெண்டாளுக்கு வேலை போயிற்று.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் பூங்கா திறந்தது. கம்பத்திலிருந்து மலையைப் பார்த்துப் போகிற சாலையில் ராட்டினம், படகு, தண்ணீர்ச் சறுக்கு, குடலைக் குலுக்குகிற ரயில் எல்லாம் வைத்து, கொச்சியில் இருக்கும் ஒரு முதலாளி கட்டியது. எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அந்தப் படிப்பை நம்பி என்னைப் பட்டை அறையில் உட்கார வைத்தார்கள். காமயகவுண்டன்பட்டியில் திராட்சைக் குலை வெட்டுகிற என் அம்மாவுக்கு இந்த வேலையை விளக்க மூன்று நாள் ஆனது. கடைசியில், "வர்றவுக கையில பட்டை கட்டுற வேலைம்மா" என்றேன். "கோயில்லயாய்யா?" என்று கேட்டுச் சந்தோஷப்பட்டார்.

விஷயம் இதுதான். வாசலில் ஒவ்வொருவர் மணிக்கட்டிலும் ஒரு ரப்பர் பட்டையைப் பூட்டுவோம். அதற்குள் ஒரு சிப். ஒவ்வொரு சவாரிக்கு முன்னாலும் ஒரு தூண் நிற்கும். தூணில் பட்டையைத் தொட்டால் 'உங்கள் நேரம் இரண்டு நாற்பது' என்று இடம் ஒதுக்கிவிடும். வெயிலில் நிற்க வேண்டாம். நிழலில் உட்கார்ந்திருந்து அந்த நேரத்துக்கு வந்தால் போதும். யார் எந்தத் தூணைத் தொட்டார்கள் என்பது என் திரையில் பச்சைப் புள்ளிகளாகத் தெரியும்.

ராட்டினத்தருகே வரிசையை ஒழுங்குபடுத்த உரத்த குரல் வேண்டும் என்று எங்கள் மலையாளி மேனேஜர் தேடியபோது ஊரே ஒரு பெயரைத்தான் சொன்னது. மறுநாள் ரெண்டாளு என் முன்னால் வந்து நின்றார். கணினியில் பதிய வேண்டும்.

"பேரு சொல்லுங்கண்ணே."

"ரெண்டாளு."

"அது பட்டப்பேருண்ணே. முழுப்பேரு?"

"அதான் முழுப்பேரு. அரைப்பேருன்னா ஓராளு."

அப்படியே பதிந்துகொண்டேன். பட்டையைக் கையில் பூட்டியதும் அவர் முகம் மாறிவிட்டது.

"தம்பி, இத எப்ப அவுக்கலாம்?"

"அவுக்க முடியாதுண்ணே. வேலையில இருக்க வரைக்கும் கையிலதான். அறுத்தாத்தான் வரும்."

"அப்ப இது காப்பு."

"காப்பு இல்லண்ணே, சிப்பு."

"பேருல என்ன இருக்கு? கட்டியாச்சுல்ல."

அன்று சாயங்காலம் எல்லோரும் வீட்டுக்குப் போக, அவர் மட்டும் வாசலில் நின்றார். திருவிழாவுக்குக் காப்புக் கட்டியவன் எல்லை தாண்டக் கூடாதாம். கம்பம் முழுக்க நம் எல்லைதான் என்று நான் சொன்ன பிறகே காலை எடுத்து வெளியே வைத்தார். கேன்டீனில் மீன் குழம்பு மணக்க மணக்கப் பத்து நாள் தயிர்ச்சோறு சாப்பிட்டார். சுடுகிற சிமென்ட் தரையில் செருப்பில்லாமல் நடந்தார். கடைசியில், 'பட்டை அணிந்தவர்கள் கவுச்சி சாப்பிடலாம், செருப்பும் போடலாம்' என்று நானே ஒரு தாளில் அச்சடித்து, அலுவலக முத்திரை குத்திக் கொடுத்தேன். அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு இரண்டு மீன் துண்டு அதிகமாக வாங்கிக்கொண்டார்.

ராட்டினத்தை முதன்முதலில் பார்த்தபோது அவருக்கு ஒரே வருத்தம்.

"ஒரு கூண்டுக்கு நாலு பேருதானா? எட்டு பேரு ஒக்காரலாம் தம்பி. மடியில ரெண்டு. மேல ஒரு மூட்ட."

ஆளுக்கொரு பூட்டுக் கம்பி இருந்ததால் பிழைத்தோம். ஐந்தாவது ஆளுக்குக் கம்பி கிடையாது என்பதை அவர் கடைசிவரை எங்கள் கஞ்சத்தனம் என்றே நினைத்தார். ஆனாலும் அந்த நான்கில் ஒன்று காலியாக இருந்தால் அவரால் தாங்க முடியாது. என் முறையிலோ காலி இல்லாமல் இருக்காது. இரண்டு நாற்பதுக்குப் பதிந்தவர் ஐஸ்கிரீம் கடையில் நிற்பார். அவருக்காகப் பத்து நிமிடம் இடத்தைப் பிடித்து வைத்திருப்பது என் விதி.

"வராதவனுக்கு எடம், வந்தவனுக்கு வெயிலு. இது எந்த ஊரு நாயம் தம்பி?" என்பார். என் தலை மறைந்ததும் நிற்கிறவர்களை ஏற்றிவிடுவார். என் திரையில் சிவப்பு விளக்கு மினுக்கும். நான் மூச்சிரைக்க ஓடுவேன். அதற்குள் ராட்டினம் பாதி சுற்று சுற்றியிருக்கும்.

ஒரு வித்தையை மட்டும் எந்த மிஷினும் அவரிடமிருந்து பறிக்க முடியாது. முகத்தைப் பார்த்தே யார் வாந்தி எடுப்பார் என்று சொல்லிவிடுவார். மலைப்பாதைக் கொண்டை ஊசி வளைவுகளுக்கு ஆள் ஏற்றிப் பழகிய கண்.

"வெள்ளச் சட்டைக்காரரே, நீங்க ஓரம். ஆத்தா, நீ நடுவுல. இந்தாங்க எலுமிச்சம்பழம், மோந்துக்கங்க."

சட்டைக்காரர் முறைப்பார். நான்காவது சுற்றில் அவர் ஓரத்தில் உட்கார்ந்திருந்ததற்கு மற்ற மூன்று பேரும் நன்றி சொல்வார்கள்.

என் பெரிய கவலை வேறு. தூணைத் தொட்டு இடம் பதிய வேண்டும் என்பதே வருகிறவர்களில் பாதிப் பேருக்குப் புரியவில்லை. நான் இரவெல்லாம் யோசித்து ஒரு அறிவிப்பு எழுதி ஒலிபெருக்கியில் வாசித்தேன். 'மதிப்பிற்குரிய பார்வையாளப் பெருமக்களே, தங்கள் மணிக்கட்டுப் பட்டையை ஒளிரும் தூணில் ஒற்றித் தங்களுக்குரிய சவாரி நேரத்தை முன்பதிவு செய்துகொள்ளுமாறு...' ஜனங்கள் ஏதோ இரங்கல் செய்தி என்று நினைத்து எழுந்து நின்றார்கள்.

ரெண்டாளு மைக்கை வாங்கினார்.

"ஒண்ணுமில்ல ஆத்தா. பஸ்ஸுல ஜன்னல் வழியாத் துண்டு போட்டு எடம் பிடிக்கிறோம்ல, அதேதான். துண்டுக்குப் பதிலா இந்தப் பட்டை. தூணுல தொட்டுட்டா ஒன் துண்டு விழுந்துருச்சு. எவனும் எடுக்க முடியாது."

ஒரே நிமிடத்தில் பூங்கா முழுவதற்கும் புரிந்துவிட்டது. வினையும் அங்கேதான் ஆரம்பித்தது.

துண்டு போட எல்லோரும் போக வேண்டுமா என்ன? ஒருத்தர் போனால் போதாதா?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கடமலைக்குண்டிலிருந்து பதினான்கு பேர் கொண்ட ஒரு குடும்பம் வந்தது. வாசலில் நாங்கள் பூட்டிய, அறுத்தால்தான் வரும் என்று நான் நம்பிய பட்டைகளை எண்ணெய் தடவிக் கழற்றி, வீட்டின் மூத்த மாமா ஒருவரிடம் கொடுத்துவிட்டு, குடும்பம் மாமரத்தடியில் எலுமிச்சைச் சாதத்தைப் பிரித்தது. மாமா வளையல்காரர் மாதிரி முழங்கைவரை பட்டைகளை அடுக்கிக்கொண்டு தூண் தூணாக ஓடினார். ராட்டினத்தில் பதினான்கு துண்டு, படகில் பதினான்கு துண்டு, ரயிலில் பதினான்கு துண்டு. அவரைப் பார்த்துப் பக்கத்துக் குடும்பத்து மாமாவும் ஓடினார். அரை மணி நேரத்தில் பூங்காவில் மாமாக்கள் மட்டும்தான் ஓடிக்கொண்டிருந்தார்கள்.

என் திரை முழுக்கப் பச்சை. எல்லாச் சவாரியும் நிரம்பி வழிகிறது என்றது கணினி. ஜன்னல் வழியாகப் பார்த்தால் ராட்டினம் காற்றை ஏற்றிக்கொண்டு சுற்றுகிறது. பதிய இடம் கிடைக்காத ஜனம் வெயிலில் நின்று கத்துகிறது. மேனேஜர் உள்ளே பாய்ந்து வந்தார்.

"ஸ்கிரீன்ல ஃபுல்லு. கூண்டுல ஒரு மனுஷன் இல்ல. எந்தா தம்பி இது?"

நான் விழித்துக்கொண்டிருக்கும்போதே வெளியே அந்தக் குரல் கேட்டது.

"துண்டு போட்டவுகல்லாம் வாங்க! மூணு தடவ கூப்பிடுவேன். அப்பவும் வரலைன்னா துண்டத் தூக்கித் தள்ளி வச்சிருவேன். ஒண்ணு!"

மாமரத்தடியில் எலுமிச்சைச் சாதம் அப்படியே நின்றது.

"ரெண்டு!"

குடும்பங்கள் கை கழுவாமல் ஓடி வந்தன. மூன்றாவது கூவலுக்கு வராதவர்கள் இடத்தில் நிற்கிறவர்கள் ஏறினார்கள். ஒரு மணி நேரத்தில் எல்லாச் சவாரியும் உண்மையாகவே நிரம்பிவிட்டது. நான் அன்றே என் பத்து நிமிட விதியை அழித்துவிட்டு, ஒவ்வொரு சவாரியிலும் மணி மூன்று முறை அடித்ததும் வராதவர் இடத்தை விடுவிக்கும்படி நிரலை மாற்றினேன். அந்த விதிக்குக் கணினியில் 'மூணு கூவல்' என்றே பெயர் வைத்தேன்.

ஆனால் கொச்சிக்குப் புகார் போய்விட்டது. அங்கிருந்து ஒரு படிவம் வந்தது. குழப்பத்துக்குக் காரணம் என்ன, வரிசைக்கு இனி யார் தேவை என்று இரண்டு கேள்வி. மேனேஜர் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்.

"தப்பு சிஸ்டத்திலயா, ஆளுகிட்டயா? ஒண்ணு எழுது. சிஸ்டம்னா நீ. ஆளுன்னா அவன்."

நான் படிவத்தைத் திரையில் திறந்து வைத்தேன். உள்ளபடி பார்த்தால் என் அறிவிப்பு யாருக்கும் புரியவில்லை, அவருடையது எல்லோருக்கும் புரிந்துவிட்டது. நடந்த தவறு அவ்வளவுதான். ஆனால் என் அம்மா ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்த வேலையும் இதுதான்.

அப்போது ரெண்டாளு வந்து கதவருகே நின்றார்.

"என்னைய எறக்கி விடப்போறாகளாமே? கேன்டீன்ல பேசிக்கிட்டாக."

"இன்னும் எழுதலண்ணே."

"ஸ்டாண்டுல வேல போனப்ப ரெண்டு நாளு வீட்ல ஒக்காந்து பாத்தேன் தம்பி. அடுப்படியில நின்னு பொண்டாட்டிகிட்ட, 'உள்ள போ, உள்ள போ, இன்னும் ரெண்டாளு நிக்கலாம்'னு சொல்லிருக்கேன். வெளக்கமாத்த எடுத்துட்டா." சிரிக்கப் பார்த்தார். வரவில்லை. "எனக்கு ஒக்காரத் தெரியாது தம்பி. ஏத்தி விடத்தான் தெரியும்."

அவர் போன பிறகு தட்டினேன். காரணம்: நான் எழுதிய முன்பதிவு விதியில் குறை, திருத்தப்பட்டது. அடுத்து, வரிசைக்குத் தேவைப்படுபவர் யார் என்ற கேள்வி. அந்தப் படிவத்தை ஆங்கில எழுத்தில்தான் நிரப்ப வேண்டும். அவர் பெயரை அப்படியே ஆங்கில எழுத்தில் அடித்தேன். ரெண்டாளு. அனுப்பிவிட்டு, என் மேசையில் இருந்த டிபன் பாக்ஸையும் தண்ணீர் பாட்டிலையும் பைக்குள் எடுத்து வைத்துக்கொண்டேன்.

இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. 'குறை திருத்தப்பட்டதை ஏற்கிறோம். வரிசைக்கு நீங்கள் கேட்டபடி இரண்டு ஆட்களுக்கு அனுமதி.'

கொச்சியில் அதை வாசித்த புண்ணியவானுக்கு அது ஒரு மனிதரின் பெயராகவே படவில்லை. மலையாளத்திலும் ரண்டாள் என்றால் ரெண்டு ஆள்தான்! மேனேஜர் படிவத்தையும் பதிலையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு என் பையைப் பார்த்தார். "ஒரு ஆள் இருக்கு. இன்னொரு ஆள் எவிடே?" என்று மட்டும் கேட்டார்.

ரெண்டாளு நேராக வாசலுக்குப் போய், வாழ்க்கையில் முதன்முறையாகக் கணக்கைக் குறைத்துக் கூவினார்.

"இன்னும் ஓராளு! இன்னும் ஓராளு!"

வந்து நின்றது கேன்டீனில் பாத்திரம் கழுவிய அக்கா. அவர் குரல் ரெண்டாளைவிட ஒரு கட்டை கூட. ராட்டினம் ஒரு கூண்டுகூடக் காலியில்லாமல் சுற்றியது.

ஏலக்காய் எடுப்புக் காலம் வந்ததும் ஜீப் டிரைவர்கள் நான்கு பேர், கையில் பட்டையோடு, ராட்டினத்தின் முன்னால் வந்து நின்றார்கள்.

"அண்ணே, வெரலு போட்டவன் வர மாட்டேங்குறான். வந்து நிக்கிறவன் வெரலு போட மாட்டேங்குறான். ஜீப்பு காலியாப் போகுதுண்ணே."

"காலியாவா?" என்றார் ரெண்டாளு, சாவுச் செய்தி கேட்டவர் போல. அக்காவைப் பார்த்தார். "போண்ணே, இங்கன நான் பாத்துக்கிறேன்" என்றார் அக்கா. அத்தோடு முடிந்தது.

பணியாளர் வாசலில் நான் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு போனேன். அவர் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"காப்ப அறுக்கக் கூடாது தம்பி. கையில கெடந்தா திருவிழா இன்னும் முடியலன்னு அர்த்தம்."

வெளியே போகிறவர்கள் வாசல் தூணில் பட்டையைத் தொட்டுவிட்டுப் போக வேண்டும். அவர் தொடவில்லை. ஜீப்பின் பின்னால் தொற்றிக்கொண்டு, உள்ளே தள்ளி உட்காரும்படி டிரைவர்களையே அதட்டிக்கொண்டு போய்விட்டார்.

அதனால் இன்றைக்கும் மாலை ஆறு மணிக்குப் பூங்காவை மூடும்போது கணினி என்னிடம் கேட்கிறது: 'உள்ளே ஒருவர் இருக்கிறார். பெயர்: ரெண்டாளு. நீக்கலாமா?' நான் தினமும் 'இல்லை' என்பதை அழுத்திவிட்டு வீட்டுக்குப் போகிறேன். மூன்று முறை கூப்பிட்டும் வராவிட்டால் இடத்தை விட்டுவிட வேண்டும் என்ற விதியை எழுதியவன் நான்தான். ஆனால் அவரை நான் இன்னும் ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை.