உருளைக்கிழங்கு சாரின் தோசைக்கல்

திருச்சி ஜில்லாவில் அடுத்தவர் வீட்டு அடுப்படிக்குள் கூப்பிடாமல் நுழைந்து, உதை வாங்காமல் வெளியே வந்த ஒரே ஆண்பிள்ளை எங்கள் உருளைக்கிழங்கு சார்தான்.

நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். சத்திரம் பேருந்து நிலையத்தில் எச்சில் இலை எடுத்து ஆரம்பித்து, இன்று ஸ்ரீரங்கத்தில் சொந்தக் கட்டடத்தில் டிபன் கடை வைத்திருக்கிறேன். எத்தனையோ விதமான ஆட்களுக்குச் சோறு போட்டவன். சாரைப் போல ஒருவரைப் பார்த்ததில்லை.

திருவெறும்பூர் தொழிற்சாலையில் இரும்புத் தகடுகளைச் சோதிக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். துருவைக் கண்டால் அவருக்குக் கை நிற்காது. சட்டைப் பையில் பாதி உருளைக்கிழங்கு, ஒரு பொட்டலம் கல் உப்பு. வெட்டிய பக்கத்தை உப்பில் தொட்டுத் தேய்ப்பார். பிடிவாதமான துரு என்றால் புளி. அதற்கும் மசியாவிட்டால் பாத்திரத்தையே வீட்டுக்குத் தூக்கிப் போய்விடுவார்.

ஒருமுறை என் மச்சினன் மகனுக்குப் பெண் பார்க்கச் சாரையும் கூட்டிக்கொண்டு போனோம். கேசரி வந்தது, சாரைக் காணோம். கொல்லைப்பக்கம் குந்தி உட்கார்ந்து அவர்கள் வடைச்சட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

“நீங்க பொண்ணு பாக்க வந்தீங்களா, பாத்திரம் தேய்க்க வந்தீங்களா?” என்றார் பெண்ணின் அம்மா.

“பொண்ணு நல்லா இருக்குங்க. சட்டிதான் சரியில்ல.”

அந்த அம்மாள் கொஞ்சம் யோசித்துவிட்டு, “பரண்ல ஒரு வாணலி கிடக்கு, அதையும் பாத்துடுங்க” என்றார். சம்பந்தம் கூடிவரவில்லை. வாணலி பளபளத்தது.

போன வருஷம் சாரின் மனைவிக்குப் பக்கவாதம் வந்தது. இரண்டு மாதம் ஆஸ்பத்திரியில் வைத்திருந்துவிட்டு, இனிமேல் செய்ய ஒன்றுமில்லை என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். எதைக் கொடுத்தாலும் வாயை மூடிக்கொண்ட அந்த அம்மாள், “நம்ம கல்லுல ஒரு தோசை” என்று மட்டும் கேட்டிருக்கிறார்.

பூட்டிக் கிடந்த வீட்டில் தோசைக்கல் செக்கச்செவேல் என்று துருவேறிக் கிடந்தது. சார் விடுவாரா? விடிந்ததிலிருந்து உட்கார்ந்து தேய்த்து வெள்ளி மாதிரி ஆக்கிவிட்டார். அதில் ஊற்றிய தோசை ஒன்றுகூடப் பெயர்ந்து வரவில்லை. கல்லைத் துண்டில் சுற்றிக்கொண்டு என் கடைக்கு வந்தார்.

“துளி துரு இல்லண்ணே. ஏன் ஒட்டுது?”

“துருவோட சேத்து அம்மா முப்பது வருஷமா தடவுன எண்ணெயையும் எடுத்துட்டீங்க சார். மறுபடி பழக்கணும். நாலு நாள் ஆகும். அதுவரைக்கும் என் கல்லுல வாத்துத் தரேன், எடுத்துட்டுப் போங்க.”

“அவ கண்டுபிடிச்சுடுவா.” கல்லைத் தடவிப் பார்த்தார். “நாலு நாள் அவ இருக்கணுமேண்ணே.”

கடையில் கூட்டம் நெரிகிற நேரம். தோசை அடுப்பைக் காலி செய்து அவர் கல்லைப் போட்டேன். வெங்காயத்தை நல்லெண்ணெயில் தோய்த்துத் தேய்ப்பது, புகைய விடுவது, ஆற விட்டு மறுபடி தேய்ப்பது.

“தோசை என்னாச்சு முதலாளி?”

“இன்னிக்கு இட்லிதான். இஷ்டம்னா உக்காருங்க.”

சார் நின்றபடியே என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாலு மணிக்கு, ஒன்பதாவது தோசை முழுசாகக் கழன்று வந்தது. நாலு நாள் வேலையை ஒரே பகலில் முடித்தவன் இந்த ஊரில் நான் ஒருத்தன்தான்.

முதல் வாயிலேயே அந்த அம்மாள், “தேச்சுட்டீங்களா?” என்று கேட்டாராம். சார் தலையை ஆட்டினாராம். “உங்களால சும்மா இருக்க முடியாதே” என்று சொல்லிவிட்டு இன்னொரு விள்ளல் வாங்கிக்கொண்டாராம். பாதி தோசை இறங்கியது. மூன்றாம் நாள் போய்ச் சேர்ந்தார்.

சார் இப்போது தினமும் காலையில் கடைக்கு வந்து கல்லாப் பக்கத்தில் உட்காருகிறார். கை இரண்டும் மடியில் கிடக்கின்றன. அதைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. கடையை மூடும்போது ஒரு இரும்புக் கரண்டியை நானே தண்ணீரில் போட்டுவிட்டுப் போகிறேன்.