குசினிக்குள் வென்ற பதக்கங்கள்

ஓட்டக்காரர்கள் கோட்டில் குனிந்ததும் அழகையா அண்ணன் வலது காலின் செருப்பைக் கழற்றி விடுவார். பல வருடங்களாகக் கவனித்து வருகிறேன். அவர் எங்கள் தோட்டத்து லொறி டிரைவர். வெடிச் சத்தம் கேட்டதும் வெறுங்கால் மெதுவாகத் தரையில் அழுந்தும், வளைவு வரும்போது கொஞ்சம் விடும், கடைசி நூறு மீற்றரில் சீமெந்துக்குள் இறங்கிவிடும்போல மிதிக்கும். ஓடுவது ஏதோ ஒரு நாட்டில் யாரோ ஒருவர். ஆக்ஸிலேட்டர் எங்கள் ஊர் பலாபத்வலயில்.

இந்த இனத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். உட்கார்ந்த இடத்திலிருந்தே உலகச் சாதனைகளை நிகழ்த்துகிறவர்கள் இவர்கள். ஓடத் தெரியாது, பாயத் தெரியாது, பஸ்ஸைப் பிடிக்க நாலடி ஓடினால் மூச்சு வாங்கும். ஆனால் ஓடுகிறவர் ஜெயிப்பதும் தோற்பதும் தங்கள் கையில், காலில், தலை திருப்புவதில் இருக்கிறது என்று மனதார நம்புவார்கள். ஒருவர் மூச்சை அடக்குவார். இன்னொருவர் உயரம் பாய்தல் வந்தால் சாரத்தை முழங்காலுக்கு மேலே தூக்கிப் பிடிப்பார், கம்பியில் பட்டுவிடக் கூடாதே! ஜெயித்துவிட்டால் ஆளாளுக்கு ஒரு பங்கு உண்டு. தோற்றுவிட்டால்? பக்கத்தில் இருந்தவர் அசைந்துவிட்டார்.

இந்த இனத்தின் தலைமையகம் மக்கீன் நானாவின் வீடு. முன்னால் பலசரக்குக் கடை, பின்னால் வீடு, நடுவில் டீவி. டீவியின் தலையில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நிற்பது நானாவின் வேலை. படம் தெளிவாக வருவதற்கு என்பார். பிறகு கூரையில் பெரிய அன்டெனா போட்டார். படம் கண்ணாடி மாதிரி வந்தது. கை மட்டும் எடுக்கப்படவில்லை.

இவர்களைப் பற்றி எழுத எனக்கு என்ன தகுதி என்று கேட்பீர்கள். நான்தான் அதில் பெரிய ஆள்.

எனக்கு அவ்வளவாகப் பேச வராது, பார்க்க வரும். ஏழாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள். எது எதனால் நடக்கிறது என்ற பாடம் எட்டாம் வகுப்பில் இருந்திருக்க வேண்டும், அது எனக்குக் கிடைக்கவில்லை. மிளகு காயவைத்துப் புடைப்பது என் வேலை. மிளகுத் தூசி மூக்கை விட்டுப் போகாது. அதில்தான் வந்தது வினை.

1984. லொஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக். கேரளத்துப் பெண் ஒருத்தி தடை தாண்டி ஓடுகிறாள், மூன்றாம் இடம் வரப்போகிறாள். நான் தாவணி போட்ட பிள்ளை, சுவரோரம் ஒட்டிக்கொண்டு நிற்கிறேன். அவள் கோட்டை நெருங்குகிறாள். நான் தும்மினேன்.

ஒரு நொடியில் நூறில் ஒரு பங்கு. அவ்வளவு வித்தியாசத்தில் பதக்கம் போய்விட்டது. வீட்டிலிருந்த எல்லாத் தலையும் ஒன்றாகத் திரும்பியது. அந்த ஓட்டம் காலையிலேயே முடிந்துவிட்டது, நாங்கள் பார்த்தது மாலையில் போட்ட படம் என்பதை யாராவது சொல்லியிருக்கலாம். யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. எனக்கும் என் தும்மலின் மேல்தான் சந்தேகம்.

அதற்குப் பிறகு ஓட்டம் தொடங்கும்போது நானாகவே எழும்பிக் குசினிக்குப் போய்விடுவேன். நானாவின் மனைவி ஸுபைதா ராத்தா தேத்தண்ணி ஊற்றுவார், நான் கோப்பை கழுவுகிறமாதிரி காதைத் தீட்டிக்கொண்டு நிற்பேன்.

1988இல் எங்கள் மாத்தளைப் பக்கம் கிளர்ச்சிப் பயம். பொழுது இறங்கினால் யாரும் வெளியே வருவதில்லை. சோல் நகரத்து ஒலிம்பிக்கை எங்களில் ஒருவரும் பார்க்கவில்லை. உடனே நூறு மீற்றரில் உலகச் சாதனை விழுந்தது. மூன்று நாளில், ஊக்க மருந்து எடுத்தார் என்று அதைத் திருப்பி வாங்கிவிட்டார்கள். அழகையா அண்ணன் நடு றோட்டில் லொறியை நிறுத்தி என்னிடம் கேட்டார்:

"உண்மையச் சொல்லு நல்லம்மா. எங்கயாச்சும் திருட்டுத்தனமா பாத்தியா?"

1991இல் டோக்கியோவில் நீளம் பாய்தல். நான் குசினியில். இருபத்திரண்டு வருடத்துக்கு மேல் அசையாமல் கிடந்த சாதனை அசைந்தது. 1997இல் ஏதென்ஸ் நகர உலகப் போட்டியில் நம் நாட்டு சுசந்திகா இருநூறு மீற்றர் ஓடினார். நான் கோழிக்கூட்டுப் பக்கம். வெள்ளி. இப்போது எல்லாருக்கும் புரிந்துவிட்டது. நான் அபசகுனம் இல்லை, ஆயுதம். எவ்வளவு தூரம் அனுப்புகிறார்களோ அவ்வளவு நல்லது.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். எனக்கு அது பிடித்திருந்தது. வாழ்க்கையில் யாரும் என்னிடம் எதுவும் கேட்டதில்லை. இவர்கள் கேட்டார்கள், எழும்பிப் போ என்றுதான் கேட்டார்கள், இருந்தாலும் கேட்டார்கள்.

2000ஆம் ஆண்டு சிட்னி. பிற்பகல். கடைக் கதவு பாதி சாத்தியாயிற்று. மூலையில் உட்காரப் போனேன்.

"தங்கச்சி, வெளங்குதுதானே?" என்றார் மக்கீன் நானா, டீவியிலிருந்து கையை எடுக்காமல். "நாப்பத்தெட்டுக்குப் பொறகு நம்மட நாட்டுக்கு ஒலிம்பிக்ல ஒண்ணும் கெடைக்கல்ல. குசினி பத்தாது. கெணத்தடிக்குப் போங்க."

போனேன். என் மகள் சந்திராவுக்கு, முழுப்பெயர் சந்திரகாந்தா, அப்போது எட்டு வயது. அவளை உள்ளே விட்டுவிட்டுக் கிணற்றுக் கட்டைப் பிடித்துக்கொண்டு மிளகுக் கொடிகளைப் பார்த்தபடி நின்றேன். உள்ளே கூச்சல் வெடித்தது. சுசந்திகாவுக்கு வெண்கலம்! ஓடிப் போனேன். நானா கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்து முடித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"இன்னம் கொஞ்சம் தள்ளிப் போயிருந்தீங்கண்டா வெள்ளி, தங்கச்சி."

"றோட்டத் தாண்டியிருந்தா தங்கம்," என்றார் அழகையா அண்ணன்.

நான் வெட்கப்பட்டேன். உண்மையாகவே. இன்னும் பத்தடி போயிருக்கலாமே என்று.

அன்று டீவியில் பார்த்ததிலிருந்து சந்திரா ஓடத் தொடங்கினாள். ஏ9 வீதியில் ஓட முடியாது. அந்த யுத்த வருடங்களில் எங்கள் ஆட்கள் ஓடினால் ஏன் ஓடுகிறாய் என்று ஆமிக்காரர்கள் கேட்பார்கள், நின்றால் ஏன் நிற்கிறாய் என்பார்கள், நடந்தால்தான் அடையாள அட்டையை மட்டும் கேட்பார்கள். ஆகவே அவள் தோட்டத்துக்குள்ளே, கொக்கோ மரங்களுக்கு நடுவிலுள்ள மண் பாதையில் ஓடினாள். பாடசாலைப் போட்டி, கோட்டப் போட்டி, வலயப் போட்டி என்று போனாள், ஜெயித்தாள். அவளுடைய ஓட்டம் ஒன்றையாவது நான் பார்த்தேனா? தாய் பார்க்கலாமா? மைதானத்துக் கக்கூசுச் சுவருக்குப் பின்னால், ஐஸ்கிரீம் வண்டிக்குப் பின்னால், ஒருமுறை பஸ் தரிப்பிடத்தில் முகத்தைச் சுவருக்குக் காட்டிக்கொண்டு நின்றேன். ஒவ்வொரு கிண்ணத்தையும் அவள் என்னிடம் தந்தபோது பாதி எனக்குரியது என்று நினைத்துக்கொண்டுதான் வாங்கினேன்.

2008இல் மாவட்டப் போட்டி வந்தது. எண்ணூறு மீற்றர். பல வருடங்களாக யாரும் தொடாத ஒரு மாவட்டச் சாதனை இருந்தது. சந்திராவுக்கு அது பாடசாலையின் கடைசி வருடம், கடைசிப் போட்டி. முதல் நாள் காலில் எண்ணெய் தேய்த்துக்கொண்டே சொன்னாள்:

"அம்மா, நாளைக்கு நீங்க நேரா நின்னு பாக்கணும்."

"போடி. ஒனக்காகத்தான் நான் பாக்குறதில்ல."

"எட்டு வருசமா ஓடுறேன். நான் எப்புடி ஓடுவேன்னு எங்கம்மாவுக்குத் தெரியாது. பக்கத்து லயத்து நாய்க்குக்கூடத் தெரியும்."

"தோத்துட்டேன்னா?"

"தோத்தா நான் தோத்தது. அதையும் நீங்க எடுத்துக்காதீங்கம்மா."

அதையும் என்றாளே. அப்படியென்றால் இவ்வளவு நாள் நான் எதை எடுத்துக்கொண்டிருந்தேன்?

காலையில் அழகையா அண்ணன் லொறியோடு வந்தார், நானாவும் முன் இருக்கையில். விஷயம் அவர்களுக்கு எட்டிவிட்டது.

"வா, வேணாங்கல்ல," என்றார் அண்ணன். "மாத்தளைக்கு வா. மைதானத்துக்கிட்ட வா. லொறிக்குள்ளயே இரு. தோட்டத்து மானம் நல்லம்மா!"

நானா சமாதானம் பேசினார். "ஒரு கண்ணால பாக்கட்டுமே. ஒரு கண்ணு மகளுக்கு, ஒரு கண்ணு ரெக்கோர்டுக்கு."

வழியில் சோதனைச் சாவடியில் எல்லாரும் இறங்கி நடந்து மறுபக்கம் ஏறினோம். அந்தக் கொஞ்ச தூரத்திலும் சந்திராதான் முதலாவது.

மைதானத்தில் கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வெடி வெடிக்கும்போது திரும்பிவிடலாம், அவளுக்குத் தெரியவா போகிறது என்று ஒரு கள்ள யோசனை உள்ளே இருந்தது. சந்திரா கோட்டுக்கு வந்தாள். மற்றப் பிள்ளைகள் முன்னால் பார்த்தார்கள். அவள் கூட்டத்தில் தேடினாள், என்னைக் கண்டுபிடித்தாள், கண்ணை எடுக்கவில்லை. வெடிகாரர் கையைத் தூக்கும்வரை எடுக்கவில்லை. அதற்குப் பிறகு எந்தத் தாய் திரும்புவாள்?

வெடித்தது.

என் மகள் ஓடுவதை நான் பார்த்தேன். இடது கை கொஞ்சம் வெளியே வீசுகிறது. பின்னல் ஒவ்வொரு அடிக்கும் முதுகில் அடிக்கிறது. வாயைத் திறந்துகொண்டு ஓடுகிறாள், சின்னப் பிள்ளையில் தூங்குவாளே அதே மாதிரி. நாவுலயிலிருந்து வந்த ஒரு சிங்களப் பிள்ளை, வயல் வரப்பில் ஓடிப் பழகியவள், அவளுக்கு முன்னால் போனாள். இரண்டாவது சுற்று. பின்னாலிருந்து அழகையா அண்ணன் கத்தினார்:

"திரும்பு நல்லம்மா! அந்தப் பக்கம் திரும்பு! இன்னும் நேரம் இருக்கு!"

சுற்றி நின்ற முன்பின் தெரியாத ஆட்களெல்லாம் என்னைத்தான் பார்த்தார்கள். கூச்சத்தில் செத்துவிடலாம்போல இருந்தது. ஆனாலும் கழுத்து திரும்பவில்லை. மூக்கு வேறு அரித்தது. இரண்டு விரலால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு பார்த்தேன்.

சந்திரா கிட்டக் கிட்டப் போனாள். பிடிக்க முடியவில்லை. இரண்டாவது.

கொஞ்ச நேரத்தில் ஒலிபெருக்கியில் சொன்னார்கள்: முதலாவது பிள்ளையும் இரண்டாவது பிள்ளையும், இரண்டு பேருமே பழைய சாதனையை விட வேகமாக ஓடியிருக்கிறார்கள். சாதனை நாவுலப் பிள்ளையின் பெயரில் போகும். அந்தப் பிள்ளை புல்லில் கிடந்த சந்திராவைக் கைகொடுத்துத் தூக்கிவிட்டது. சந்திரா நேராக வேலிக்கு வந்தாள்.

"பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"எப்புடி ஓடுனேன்?"

உலகத்துப் பெரிய ஓட்டங்களையெல்லாம் குசினியிலிருந்து நடத்தியவள் நான்.

"வாயப் பொளந்துகிட்டு ஓடுற," என்றேன்.

அவள் வேலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். தோற்ற பிள்ளை அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

அந்த நிமிடத்தில் என் பதக்கங்கள் எல்லாம் போய்விட்டன. அவளை ஓட வைத்தது அவளுடைய கால் என்றால், ஏதென்ஸ் வெள்ளியில் எனக்கு என்ன பங்கு? டோக்கியோவில் பாய்ந்தவர் என் கோப்பை கழுவலைக் கேட்டா பாய்ந்தார்? மருந்துச் சோதனை எதுவும் இல்லாமலே எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்தேன். கை லேசாக இருந்தது. கொஞ்சம் வெறுமையாகவும் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

திரும்பி வரும்போது லொறியில் ஒரே வாக்குவாதம். நான் பார்த்ததால்தான் முதலிடம் போனது என்றார் அண்ணன். நான் பார்த்ததால்தான் பழைய சாதனை உடைந்தது என்றார் நானா. பலாபத்வல வருவதற்குள் இருவரும் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்கள்: அடுத்த முறை முதல் சுற்றைப் பார்ப்பது, இரண்டாவது சுற்றில் திரும்புவது.

இரண்டு மாதம் கழித்து பெய்ஜிங்கில் ஜமேக்காக்காரர் நூறு மீற்றர் ஓடினார். நான் முன்வரிசையில், கண்ணை அகல விரித்துக்கொண்டு. கோட்டைத் தொடுமுன்பே மார்பில் தட்டிக்கொண்டு போனார், உலகச் சாதனை. நான் பார்த்தும்! நியாயமாக எனக்குச் சந்தோஷம் வரவேண்டும். உண்மையில் ஒரு சின்ன அவமானம்தான் வந்தது.

போன கிழமை செய்தியில் சொன்னார்கள்: சிட்னியில் முதலாவது வந்தவரின் பதக்கத்தை ஊக்க மருந்துக்காகப் பறித்ததால், சுசந்திகாவின் வெண்கலம் வெள்ளியாகிவிட்டது. ஒன்பது வருடத்துக்குப் பிறகு, யாரும் ஓடாமலே. கடைக்குப் போனால் நானா கல்லாவிலிருந்து எழும்பி வந்துவிட்டார்.

"அன்டைக்கே சொன்னேனே தங்கச்சி, தள்ளிப் போனா வெள்ளிண்டு! எங்க போனீங்க நீங்க?"

"எங்கயும் போகல நானா. வீட்டுலதான்..."

சொல்லும்போதே மனம் ஒரு கணக்குப் போட்டது. எங்கள் வீடு அவருடைய கிணற்றடியை விடத் தள்ளித்தானே இருக்கிறது? பக்கத்தில் நின்ற சந்திரா என்னை ஒரு பார்வை பார்த்தாள். கணக்கை விட்டேன்.

அழகையா அண்ணன் விடவில்லை. "அப்ப அந்த நாவுலப் புள்ளயும் என்னமும் மாத்திர கீத்திர..."

"மாமா," என்றாள் சந்திரா, "அவ என்னைவிட நல்லா ஓடுனா. அவ்வளவுதான்."

அண்ணன் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

நீங்கள் இந்த இனமில்லை என்பது எனக்குத் தெரியும். படித்தவர்கள். ஆனால் போன முறை நம் ஆட்கள் ஜெயிக்கும்போது எந்த நாற்காலியில் இருந்தீர்கள்? இப்போதும் அதே நாற்காலியா? பிள்ளையின் பரீட்சை முடிவு வந்த நாளில் எந்தச் சேலை, எந்தச் சட்டை? அந்தக் கடைசிச் சுற்றைப் படித்தபோது உங்கள் வலது கால் எங்கே இருந்தது?

என்னைப் பொறுத்தவரை, மக்கீன் நானாவின் டீவிக்கு முன்னால் இப்போது முதல் வரிசையில் உட்காருகிறேன். சந்திரா இப்போது ஒரு விளையாட்டுக் கழகத்துக்கு ஓடுகிறாள். சில நாள் முதலாவது வருகிறாள், சில நாள் நாலாவது. நான் வேலியோரம் நின்று பார்க்கிறேன். குசினியில் இடம் காலியாக இருக்கிறது.