ஒரே நட்சத்திரத்தில் எட்டுப் பேர்

சாம்பிராணி போட்டு எட்டு உயிரைக் கொல்லப் பார்த்தவன் நான். இதை நானே சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் என் மனைவி சாந்தி முந்திக்கொள்வாள்.

சுங்கை வேயில் ஒரு தொழிற்சாலையில் இருபது வருடம் மிஷின் பார்த்தவன் நான். அங்கே ஆயுத பூஜை வந்தால் மேனேஜர் முதல் லோரி டிரைவர் வரை எல்லார் நெற்றியிலும் சந்தனம் இருக்கும். ஸ்பேனருக்குக்கூடப் பொட்டு வைப்போம். தொழிற்சாலையை மூடிய பிறகு, முட்டி வலியும் ரத்தக்கொதிப்புமாக அலைந்து, பூச்சோங் பக்கம் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் காற்று மிஷினைப் பார்க்கும் வேலைக்குச் சேர்ந்தேன். அந்த வயதில் அது கிடைத்ததே பெரிது.

ஆராய்ச்சி நடந்தது எட்டுப் பன்றிக்குட்டிகளை வைத்து. கருவிலேயே மரபணுவை மாற்றி, நோய் எதிர்ப்புச் சக்தி இல்லாமல் பிறக்க வைத்த குட்டிகள். (இதைச் சாந்திக்குப் புரியவைக்க மூன்று நாள் ஆயிற்று.) மனித உயிரணுவைச் செலுத்தினால் சாதாரணப் பன்றியின் உடம்பு எதிர்த்துச் சண்டை போடும். இதுகளின் உடம்பு போடாது. அதனால் புதுச் சிகிச்சைகளை மனிதனுக்குக் கொடுக்குமுன் இதுகளிடம் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் பக்கத்தில் ஒருவர் தும்மினால் போதும், கதை முடிந்துவிடும். உள்ளே போகிறவர்கள் தலைக்குக் குளித்து, அங்கே தரும் உடுப்பைத்தான் போடவேண்டும். எனக்கு அந்த வம்பில்லை. என் மிஷின் மொட்டைமாடியில் இருந்தது. அது வடிகட்டிய காற்றை ஓயாமல் உள்ளே தள்ளும். அந்த அழுத்தம் இருக்கும்வரை வெளிக்காற்று கதவிடுக்கில்கூட நுழையாது.

முதல் வருட ஆயுத பூஜை வந்தது. உள்ளேதானே எதையும் கொண்டுபோகக்கூடாது, மாடியில் என்ன என்று நினைத்தேன். (மகா அறிவாளி!) யாரையும் கேட்காமல் மிஷினுக்குச் சந்தனம், குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் நறுக்கி, சாம்பிராணித் தட்டை அது காற்றை உறிஞ்சும் வாய்க்கு நேர் கீழே வைத்தேன். புகை துளிகூட வீணாகாமல் அத்தனையும் உள்ளே போயிற்று. சாமி ஆசையாக ஏற்றுக்கொள்கிறார் என்று கண்ணை மூடிக் கும்பிட்டேன்.

கண்ணைத் திறந்தபோது மிஷின் நின்றிருந்தது. புகை வந்தால் தீ என்று எண்ணி அது தானாக நின்றுவிடும். கீழே அலாரம் அலறியது. தட்டைத் தூக்கி எறிந்து, மிஷினை மறுபடி ஓடவைப்பதற்குள் பதினொரு நிமிடம் ஆகிவிட்டது. அதற்குள் எந்தக் கிருமி உள்ளே போயிற்றோ, யாருக்குத் தெரியும்.

டாக்டர் யோங் மாடிக்கு ஓடிவந்தார். அந்தக் குட்டிகளை உருவாக்கிய சீனப் பெண்மணி. எலுமிச்சம்பழத்தைப் பார்த்தார், என் நெற்றியைப் பார்த்தார், அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"அண்ணே, இந்த எட்டுக்காக மூணு வருஷமா நான் ஒரு நாள் லீவு எடுக்கல" என்றார் மலாய் மொழியில். ('அண்ணே' மட்டும் தமிழ்.)

பதினான்கு நாள் பார்க்கவேண்டும், ஒன்றுக்கு நோய் வந்தாலும் மூன்று வருட உழைப்பு போச்சு என்றார். என் வேலையைப் பற்றி அப்புறம் பேசலாமாம். அன்றிலிருந்து குட்டிகளைக் காட்டும் கேமரா திரைமுன் தவம் கிடந்தேன். ஐந்தாம் நாள் ஏழாம் நம்பர் குட்டி பாலைத் தொடாமல் படுத்துக்கொண்டது. எனக்கும் சோறு இறங்கவில்லை.

சாந்திதான் பிரிக்பீல்ட்ஸில் ஒரு பெருமாள் கோவிலுக்கு இழுத்துப் போனாள். பன்றிக்கு அர்ச்சனையா என்று தயங்கினேன். "சும்மா வாங்க லா. பெருமாளே வராகமா வந்தவருதானே, கோச்சுக்க மாட்டாரு" என்றாள். குட்டிகள் பிறந்த தேதி எனக்குத் தெரியும். நாள்காட்டியைப் பார்த்ததில் ரோகிணி.

தமிழ்நாட்டிலிருந்து புதிதாக வந்த அர்ச்சகர் பெயர் கேட்டார். எனக்கு நம்பர்தானே தெரியும். சாந்தி தன் தங்கச்சி பிள்ளைகள், என் தம்பி பிள்ளைகள் என்று வாயில் வந்த எட்டுப் பெயரைச் சொன்னாள்.

"எட்டும் ரோகிணியா?"

"ஒரே பிரசவம் சாமி" என்றாள், கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.

அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! குழந்தைகளுக்கு என்ன என்று கேட்டார். இன்ஃபெக்‌ஷன் வந்துவிடுமோ என்று பயம் என்றேன். அது உண்மைதான். சொல்லும்போது எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவர் கண்ணும் கலங்க நீளமாக அர்ச்சனை செய்தார்.

மறுநாள் ஏழாம் நம்பர் பால் குடித்தது. பதினான்கு நாள் கழிந்தது, எட்டும் நலம். என் வேலையும் தப்பியது. புது ஆட்களுக்கான பயிற்சியில் மட்டும் சாம்பிராணித் தட்டின் படம் ஒன்று சேர்ந்தது, மேலே சிவப்புக் கோடு போட்டு. எங்கள் வீட்டில் யார் சோற்றை மிச்சம் வைத்தாலும் அவர்தான் அன்றைக்கு ஏழாம் நம்பர்.

அடுத்த வருடம் ஆராய்ச்சி நல்லபடியாக முடிந்தது. ஆராய்ச்சி முடிந்தால் குட்டிகளையும் உயிரோடு வைத்திருக்க மாட்டார்கள், அதுதான் முறை. டாக்டர் யோங் அன்றைக்குத்தான் முதல் லீவு எடுத்தார். நானும் எடுத்தேன்.

அர்ச்சகருக்கு இது தெரியாது. கோவிலுக்குப் போனால் இன்றும் மறக்காமல் விசாரிக்கிறார்.

"எட்டுப் பேரும் சௌக்கியமா? இப்ப ஸ்கூல் போறாங்களா?"

சாந்தி சிரிப்பை அடக்கிக்கொண்டு வேறு பக்கம் திரும்பிக்கொள்வாள். நான் "நல்லா இருக்காங்க சாமி" என்பேன். அவர் குங்குமத்தை எட்டுப் பொட்டலமாக மடித்துத் தருவார். என்ன செய்ய, வாங்கிப் பையில் போட்டுக்கொள்கிறேன்.