கடிக்கிற மீனாப் பாத்துக் குடுங்க

உயிரே போனாலும் நாற்காலியை விடுவதில்லை என்று தானியேல் முடிவு செய்துவிட்டான். உயிர் போனபின் நாற்காலி எதற்கு என்று கேட்காதீர்கள். முடிவென்றால் முடிவுதான்.

அது சும்மா நாற்காலியா? ஆம்பூரில் அவன் வேலை பார்க்கும் ஷூ கம்பெனியில், ஜெர்மனிக்குப் போக வேண்டிய தோலில் கழித்துப் போட்ட துண்டுகளைக் கெஞ்சி வாங்கி, ஞாயிற்றுக்கிழமைகளில் தானே தைத்துப் போர்த்திய சாய்வு நாற்காலி. ஹாலில் ஃபேனுக்கு நேர் கீழே கிடந்தது. அதில் சாய்ந்து காலை நீட்டினால் கம்பெனிக்கே தான்தான் முதலாளி என்று தோன்றும் அவனுக்கு. அவன் மனைவி ஜாஸ்மினுக்கு அப்படித் தோன்றவில்லை.

"மழை வந்தா அது மறுபடி மாடாயிடுதுங்க. நாத்தம் தாங்கல. அந்த எடத்துல மீன்தொட்டி வைக்கப் போறேன்."

"நம்ம போர் தண்ணியிலயா? டீ போட்டா பால் திரியுது. தலைக்கு ஊத்துனா முடி தேங்காநாரு ஆவுது. அந்த உப்புல உயிரோட இருக்கிற ஒரே ஜீவன் நான்தான்டி!"

"அதான் கலர் மீன் விக்கிற ஜியாவுல்லா பாய் கடையில விசாரிச்சேன். ஆறும் கடலும் கலக்குற எடத்துல, அரை உப்புத் தண்ணியில வாழுற மீனுங்க இருக்குதாம். நம்ம தண்ணியில இன்னும் கொஞ்சம் கடல் உப்பு போட்டா போதுமாம்."

வாயால் ஜாஸ்மினை ஜெயித்தவர் அந்தத் தெருவிலேயே கிடையாது. ஆனால் தானியேலுக்கு மூளை இருந்தது. அதுதான் வினை.

"சரி. ஆனா மீனை நான்தான் எடுப்பேன். ஒண்ணை ஒண்ணு கடிச்சா தொட்டி கடைக்குப் போவணும். நாற்காலி பழைய எடத்துக்கு வரணும். இதான் கண்டிஷன்."

"சரிங்க."

கல்யாணம் ஆனதிலிருந்து ஜாஸ்மின் இவ்வளவு சுலபமாகச் சரி சொன்னதே இல்லை. மனுஷன் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். சந்தோஷப்பட்டான்.

கம்பெனியில் தானியேலுக்கு ஜோடி சேர்க்கிற வேலை. இடது கால் ஷூவையும் வலது கால் ஷூவையும் பக்கத்தில் வைத்து, நிறமும் தோலும் ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். நூலளவு வித்தியாசம் இருந்தாலும் தூக்கி எறிந்துவிடுவான். அப்பேர்ப்பட்ட கண்ணுக்கு ஒத்துப்போகாத மீனைக் கண்டுபிடிப்பதா கஷ்டம்? நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கடைக்குப் போனான்.

"பாய், ஒண்ணுக்கொண்ணு ஆகவே ஆகாத மீனா வேணும். கடிக்கிற மீனாப் பாத்துக் குடுங்க."

ஜியாவுல்லா அவனை மேலும் கீழும் பார்த்தார். "எல்லாரும் ஒத்துமையா இருக்கிற மீனுதான் சார் கேப்பாங்க."

"நமக்குக் கொஞ்சம் விறுவிறுப்பு வேணும்."

"அப்ப கருப்பு மோலி எடுங்க. பரம சாது. வாலை ஆட்டிக்கிட்டுத் திரியும்."

"அந்த வாலைக் கடிக்க ஆளு?"

"பஃபர் இருக்குது. பச்சை ஒடம்பு, கருப்புப் புள்ளி, பாக்கறதுக்கு உருண்டையா லட்டு மாதிரி இருக்கும். பல்லு மட்டும் கத்திரிக்கோல்."

"ஆஹா! அப்புறம்?"

"ஆர்ச்சர். வாயாலயே தண்ணியைப் பீச்சியடிச்சு, மேல பறக்குற பூச்சியை விழ வைக்கும். வாய்க்குள்ள அடங்குற குட்டி மீனையும் விடாது."

"அதையும் போடுங்க பாய்!"

ஃபேனுக்குக் கீழே தொட்டி வந்தது. நாற்காலி மாடிப்படிக்கு அடியில் போனது. தானியேல் கவலைப்படவில்லை. வேர்க்கடலைப் பொட்டலத்தோடு தொட்டிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தான். கடலை தீருவதற்குள் பஃபர் மோலியின் வாலில் பாதியைக் கத்தரித்துவிட்டது.

"கடிச்சுது! கடிச்சுது!" என்று துள்ளிக் குதித்தான். கிட்டத்தில் பார்க்கலாம் என்று தொட்டிக்குமேல் குனிந்தான். ஆர்ச்சர் குறி பார்த்து அவன் கண்ணிலேயே அடித்தது. உப்புத் தண்ணீர். ஒற்றைக் கண்ணைப் பொத்திக்கொண்டு ஹாலைச் சுற்றி ஆடினான்.

"கொஞ்சங்கூட ஒத்துமையே இல்லடி! தூக்கு தொட்டியை!"

"ஏதாச்சும் செய்யணுங்க," என்றாள் ஜாஸ்மின், மூஞ்சியைப் பாவமாக வைத்துக்கொண்டு.

செய்தாள். மறுநாள் அவன் கம்பெனியிலிருந்து வந்தபோது ஜன்னலோரம் இன்னொரு தொட்டி. அதில் பஃபர் மட்டும் ஜம்மென்று சுற்றிக்கொண்டிருந்தது.

"இது இன்னா?"

"கடிக்கிறதைத் தனியா வெச்சுட்டேன்."

"கண்டிஷன் இன்னா ஆச்சு?"

"ஒண்ணை ஒண்ணு கடிச்சாதானே? இப்ப எது எதைக் கடிக்குது? காட்டுங்க பாக்கலாம்."

தானியேல் ரெண்டு தொட்டியையும் மாறி மாறிப் பார்த்தான். காட்ட ஒன்றும் இல்லை. இருந்தாலும் ஆர்ச்சர் மேல் அவனுக்கு நம்பிக்கை இருந்தது. அது வீண் போகவில்லை. மோலி குட்டி போட்டது. ஆர்ச்சர் ஒன்றை லபக்கென்று விழுங்கியது.

"முழுங்கிடுச்சு ஜாஸ்மின்! நான் பாத்தேன்!"

"அடப் பாவமே! இதுவும் சரிப்பட்டு வராதுங்க."

அவள் வாயால் அதைக் கேட்டதும் அவனுக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாள் கம்பெனியில் விசிலடித்துக்கொண்டே வேலை பார்த்தான். வீட்டுக்கு வந்தான். டீவி இருந்த இடத்தில் மூன்றாவது தொட்டி, அதில் ஆர்ச்சர் மட்டும். டீவி பீரோ மேல் ஏறியிருந்தது. ஐயோ என்று மாடிப்படிக்கு ஓடினான். அடியில் வெறும் துடைப்பம்.

"நாற்காலி எங்கடி?"

"பாய் கடையில போய்க் கேளுங்க."

செருப்புகூடப் போடாமல் ஓடினான். கடைக்குள், கல்லாவுக்குப் பின்னால், ஜெர்மனித் தோலில் சாய்ந்து காலை நீட்டிக் கிடந்தார் ஜியாவுல்லா.

"வாங்க சார். இன்னா சொகம், இன்னா சொகம்! வியாபாரத்தைப் பாக்கவே மனசு வரல."

"பாய், அது என் நாற்காலி!" தானியேலுக்கு அழுகையே வந்துவிட்டது.

"சிஸ்டர் மொத நாளே பேசி முடிச்சுட்டாங்களே. நாற்காலிக்கு மூணு தொட்டி. மொத்தமா அனுப்புனா அவரு வாசல்லயே மறிச்சுடுவாரு, ஒவ்வொண்ணா அனுப்புங்கன்னாங்க."

"அப்ப... நான் கடிக்கிற மீனாத் தேடித் தேடிப் பொறுக்குனது?"

ஜியாவுல்லா நாற்காலியை விட்டு எழுந்திருக்காமலே ரெண்டு கையையும் கூப்பினார்.

"பெரிய உபகாரம் சார்! நீங்க மட்டும் ஒத்துப்போற மீனா எடுத்திருந்தீங்கன்னா, மிச்ச ரெண்டு தொட்டியை நாங்க இன்னா சொல்லி அனுப்பியிருப்போம்?"