நாற்பத்திரண்டு எழுத்துகளும் ஒரு பலகையும்

உலகத்தின் அறியாமையை அடியோடு ஒழிக்கும் தீர்மானம் நிறைவேறியபோது அறையில் நான்கு பேர் இருந்தோமா, ஐந்து பேரா என்பது எனக்கு நிச்சயமாக நினைவில்லை. மழை பெய்த நாள் என்று நினைக்கிறேன். ஆனால் கீழே இருந்த சலவைக்கடையின் நீராவி எங்கள் ஜன்னலை எப்போதுமே நனைத்துக்கொண்டிருந்ததால் அதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. தீர்மானம் மட்டும் நினைவிருக்கிறது. அதை எழுதியவன் நான். ஆங்கிலச் சொற்களை ஒலிக்கிறபடியே எழுத நாற்பத்திரண்டு புதிய எழுத்துகள், ஒலிக்கு ஒன்று. அதன் பிறகு எழுத்துப்பிழை என்ற பேச்சுக்கே உலகில் இடமிருக்காது.

எழுத்துகளை ஆக்கியவர் எங்கள் எழுத்துச் சீர்திருத்தப் பேரவையின் தலைவர், ஓய்வுபெற்ற நீதிபதி. கால் முறிந்து மருத்துவமனையில் கிடந்த ஆறு வாரங்களில் அவற்றைக் கண்டுபிடித்தார். சில எழுத்துகள் ஊன்றுகோல் போல இருந்ததற்கு வேறு காரணம் இல்லை. பிறகு மூன்று முறை திருத்தினார். மூன்றாவது திருத்தத்துக்குப் பின் எது எந்த ஒலி என்பது அவருக்கே பிடிபடவில்லை. சுவரில் மாட்டிய அட்டவணைக்குத்தான் தெரியும். 'எழுத்துகள் தம்மை ஆக்கியவரிடமிருந்து விடுதலை பெற்றன' என்று கூட்டக் குறிப்பில் பதிவு செய்தோம்.

கூட்டக் குறிப்பு பழைய ஆங்கில எழுத்தில்தான் இருந்தது. இடைக்கால ஏற்பாடு. அதற்குப் பதினோராவது ஆண்டு நடந்துகொண்டிருந்தது.

உறுப்பினர்களில் ஒருவரும் புதிய எழுத்தைக் கற்கவில்லை என்பதைக் குறையாகச் சொல்லும் அற்பர்கள் உண்டு. அதற்கு விதியே இருந்தது: பழைய எழுத்தால் கெட்டுப்போன மூளைகள் கற்றால் சோதனையின் தூய்மை கெடும். 'கறைபடாத' ஒருவர் வேண்டும் என்றார் பொருளாளர். அவர் பல் மருத்துவர். எல்லோரும் செயலாளராகிய என்னைப் பார்த்தார்கள். எனக்கு ஓர் அக்கா உண்டு. அக்காவுக்கு ஒரு கணவர் உண்டு.

அத்தான் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். வண்டி வாசலில் நுழையும்போதே சத்தத்தை வைத்துக் கோளாறைச் சொல்லிவிடுவார். ஆங்கிலம் பேசுவார், எழுதினால் மட்டும் சொற்கள் நொறுங்கிவிடும். ஃபோர்மேன் ஆவதற்கு நாள் அறிக்கையை ஆங்கிலத்தில் எழுதிக் காட்டும் தேர்வு உண்டு. இரண்டு முறை தோற்றிருந்தார். நாற்பத்தைந்து வயதுக்கு மேல் எழுத விடமாட்டார்கள். அவருக்கு நாற்பத்துநான்கு முடிந்திருந்தது. வண்டிக்கு அடியில் படுத்துப் படுத்து இடுப்பு போயிருந்தது. ஃபோர்மேனுக்கு நாற்காலி உண்டு.

"இதுல தப்பே வராதா மாப்ளே?"

"வரவே வராது அத்தான்."

ஒரு நிபந்தனை மட்டும்: ஆறு மாதம் பழைய எழுத்தைக் கண்ணால் பார்க்கக் கூடாது. அத்தான் வாக்குத் தவறாதவர். எதிரே பெயர்ப்பலகை வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார். உதிரிபாகப் பெட்டிகளைப் படித்துப் பார்க்காமல் குலுக்கிப் பார்த்து எடுத்தார். "மருந்து பாட்டில்ல என்ன போட்டிருக்குன்னு கேட்டா கண்ண மூடிக்கிறார்டா" என்றாள் அக்கா. நான்காவது மாதம் நாற்பத்திரண்டு எழுத்துகளும் அவர் கையில் ஓடின.

"எல்லாம் சரி. பரீட்சைத் தாள் எந்த எழுத்துல வரும்?" என்று கேட்டாள் அக்கா.

நான் பேசவில்லை. மௌனத்தின் ஆழம் பற்றி நிறையப் படித்தவன் நான். அந்த மௌனம் அவ்வளவு ஆழமானதில்லை. அடியில் பதில் தெளிவாகத் தெரிந்தது.

கேள்வியைப் பேரவையில் வைத்தேன்.

"தேர்வுக் குழு நம்ம எழுத்த ஏத்துக்கணும்" என்றார் தலைவர்.

"ஏத்துக்கலேன்னா?"

"அது அவங்களோட தோல்வி."

'தோல்வி ஏற்பட்டால் அது தேர்வுக் குழுவையே சாரும்' என்று ஒருமனதாக நிறைவேற்றினோம். அத்தானிடம் அதைச் சொல்லவில்லை.

தேர்வன்று கேள்வி பழைய எழுத்தில் இருந்தது. மேற்பார்வையாளர் இரக்கப்பட்டு வாசித்துக் காட்டினாராம். பிரேக் பிடிக்காத ஒரு வண்டியைப் பற்றி அத்தான் ஆறு பக்கம் எழுதினார். மதிப்பெண் பூஜ்யம். ஓரத்தில் சிவப்பு மையில் ஒரு குறிப்பு: 'விடைத்தாளில் படம் வரையக் கூடாது.'

"ஆறு பக்கம் மாப்ளே. ஒரு தப்பு இல்ல."

"தெரியும் அத்தான்."

"உனக்கு எப்படித் தெரியும்? நீ படிச்சியா?"

பேரவை இதை மகத்தான வெற்றியாகக் கொண்டது. பிழையின்றி ஆறு பக்கம் எழுதிய முதல் மனிதர். ஆண்டு விழாவில் அவருக்குச் சால்வை போர்த்தி, புதிய எழுத்தின் பயனைத் தன் கையாலேயே ஒரு பலகையில் எழுதித் தரும்படி கேட்டோம். பணிமனையிலிருந்து மஞ்சள் பெயின்ட் கொண்டுவந்து ஒரே வரி எழுதினார்.

தலைவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார். "எவ்வளவு தெளிவு" என்றார்.

"கண்ணு கலங்குதுங்க" என்றார் பல் மருத்துவர்.

கைதட்டினோம். அத்தான் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். என்னைக் கொஞ்சம் அதிக நேரம். பிறகு சால்வையை நாற்காலியில் மடித்து வைத்துவிட்டு, இடுப்பைப் பிடித்தபடி படியிறங்கிப் போனார்.

தலைவர் காலமாகிவிட்டார். அவருடைய கல்லறை வாசகம் பழைய எழுத்தில் இருக்கிறது, இடைக்கால ஏற்பாடு. பல் மருத்துவர் வெளிநாட்டில் மகளோடு இருக்கிறார். சலவைக்கடை மூடப்பட்டது, ஜன்னல் இப்போது தெளிவாக இருக்கிறது. அத்தான் மெக்கானிக்காகவே ஓய்வு பெற்றார். வீட்டில் நாற்காலியில் உட்கார முடியாமல் தரையில் படுத்திருக்கிறார். அக்கா என்னோடு பேசுவதில்லை. போன வருடம் விதியை மீறி, அட்டவணையோடு பதினொரு நாள் உட்கார்ந்து நான் அந்தப் பலகையைப் படித்தேன். 'இதைப் படிக்கத் தெரிந்தவன் கைதட்ட மாட்டான்' என்று இருந்தது. ஒரு பிழை இல்லை.

இப்போது நான்தான் தலைவர். இந்த வருட விழாவிலும் பலகைக்கு மாலை போட்டோம். முதலில் கைதட்டியவன் நான்.