நான் எடுத்துக் கொடுத்த பந்து

கேட்காமல் உதவி செய்பவனைப் போல ஆபத்தான ஆள் உலகத்தில் கிடையாது. ஒரு ஸ்ரேடியம் நிறைந்த சனத்திடம் ஒரே மூச்சில் ஏச்சு வாங்கியவன் என்ற தகுதியில் இதைச் சொல்கிறேன்.

அப்போது எனக்குக் கலியாணமான புதிது. யூனியன்வில்லில் இருக்கும் என் மாமி பேஸ்போல் பைத்தியம். ரிவியில் ஒரு ஆட்டத்தையும் தவறவிடமாட்டார். (எங்கள் கலியாணத்துக்கு நாள் குறிக்க முன்னரும் ஆட்ட அட்டவணையைத்தான் பார்த்தாராம்.) ஆனால் ஸ்ரேடியத்துக்குள் கால் வைத்ததில்லை. அதைப் புதுப்பித்து, இருக்கைகளை மைதானத்து மதிலோடு ஒட்டிப் போட்டிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் முன்வரிசையில் மூன்று ரிக்கெற் எடுத்தேன். நல்ல மருமகன் என்று பெயரெடுக்கும் ஆசை.

எனக்கு பேஸ்போல் தெரியாது. "கிரிக்கெற்றுக்கு ஒண்டுவிட்ட தம்பிதானே மாமி, பார்க்க விளங்கும்" என்றேன்.

கடைசிச் சுற்று. இரண்டு அணியும் சமம். எங்கள் ஆள் ஒருவர், சுற்றி ஓட வேண்டிய நான்கு பேஸில் முதலாவதில் நின்றார். "உவன் சுத்தி வந்திட்டானெண்டால் வெற்றி, தம்பி!" மாமி என் கையை நசித்தார்.

எங்கள் அணிக்காரர் பந்தை அடித்தார். அது மதிலோரமாக உருண்டு எனக்கு நேரே வந்தது. எதிரணிக்காரர் ஒருவர் மூச்சு வாங்கத் துரத்தி வந்தார். பாவமாக இருந்தது. ஊரில் எல்லைக்கு வந்த பந்தை எடுத்துக் கொடுப்பதுதானே மரியாதை? குனிந்து எடுத்து அவருக்கே எறிந்தேன். பெருவிரலையும் உயர்த்திக் காட்டினேன்.

அவர் சிரித்தார். (அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.)

ஸ்ரேடியம் முழுவதும் "ஊ" என்று எழுந்தது. பெரிய திரையில் என் முகம். பாராட்டுகிறார்கள் என்று நினைத்துக் கையசைத்தேன்.

"கையை இறக்குங்கோ!" என்றாள் மனைவி துஷா. "அவங்கள் உங்களைத் திட்டுறாங்கள். பார்க்க வந்த ஆக்கள் பந்தைத் தொடக்கூடாது. தொட்டால் அந்த ஓட்டம் செல்லாது. ஓடி முடிச்சவனைத் திருப்பி மூண்டாம் பேஸுக்கு அனுப்பிப்போட்டாங்கள்!"

ஆதரவு தேடி மாமியைப் பார்த்தேன். அவர் எழும்பி நின்று, வாயருகே கைகளைக் குவித்து, சனத்தோடு சேர்ந்து எனக்கு "ஊ" சொல்லிக்கொண்டிருந்தார்.

காவலாளி வந்தார். என்னோடு வந்தவர்கள் யார் என்று கேட்டார்.

"ஐ டோன்ற் நோ ஹிம்" என்றார் மாமி. அவர் இவ்வளவு சுத்தமாக ஆங்கிலம் பேசி நான் கேட்டதில்லை.

வாசலுக்கு வெளியே தனியே நின்றேன். உள்ளே பேரிரைச்சல். வென்றார்களா, தோற்றார்களா? தோற்றிருந்தால் எந்த முகத்தோடு வீட்டுக்குப் போவது? கொஞ்ச நேரத்தில் தொண்டை கட்டிய மாமி துஷாவோடு வெளியே வந்தார். கையில் ஒரு பொட்டலம்.

"அடுத்தவன் அடிச்சு வெண்டிட்டம். தோத்திருந்தால் நீங்கள் நடந்துதான் வந்திருப்பியள். இந்தாங்கோ, சொசேஜ் பணிஸ். பசியோடை நிப்பியள் எண்டு வேண்டினனான்."

ஆறிப்போன அந்தப் பணிஸைப் போல ருசியாக நான் எதையும் தின்றதில்லை.

போன மாதம் விட்பியில் இருக்கும் மச்சான் புதுக் கார் எடுத்தான். கார்ப் பூசையில் சக்கரத்தின் கீழ் வைத்த எலுமிச்சம்பழம் ஒன்று உருண்டு என் காலடிக்கு வந்தது. எடுத்துக் கொடுக்கக் குனிந்தேன்.

"தம்பி, தொடாதேங்கோ!" என்று கத்தினார் மாமி.

மந்திரம் சொல்லிக்கொண்டு நின்ற ஐயரும் சிரித்துவிட்டார். அந்தப் பந்துக் கதையை அவருக்கும் யாரோ சொல்லியிருக்கிறார்கள்.